கொத்தனாரும் போதகரும் சேர்ந்து கட்டிய மடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தினாலும் பரீட்சை வைக்கமாட்டேன்.

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கடலில் அயோனா என்று ஒரு தீவு இருக்கிறது. சுமார் 5 கி.மீ. நீளம், 2 கி.மீ. சொச்சம் அகலம். ஊர் மக்கள் இருநூறு பேருக்குள். அங்கே போவதென்றால் கிளாஸ்கோ நகரத்திலிருந்து ரயிலில் ஓபன் துறைமுகம், அங்கிருந்து படகில் மல் என்னும் பெரிய தீவு, அந்தத் தீவைச் சாலை வழியாகக் குறுக்கே கடந்து மறுகரை, பிறகு இன்னொரு படகு. காற்று வீசினால் படகு இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு 1938ஆம் ஆண்டு, கிளாஸ்கோவில் பெரிய சபை ஒன்றின் போதகராக இருந்தவர், நல்ல பேரும் சம்பளமும் உள்ள வேலையை விட்டுவிட்டுக் கல் அடுக்கப் போனார். தனியாகப் போகவில்லை. வேலையிழந்த சில கைத்தொழிலாளர்களையும், படிப்பு முடித்த கையோடு இருந்த இளம் போதகர்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் தொடங்கிய வேலை முடிய 27 வருஷம் ஆயிற்று.

ஏன் போனார், அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் கட்டடத்தின் கதை. கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி, பன்னிரண்டு தோழர்களோடு அயோனாவில் வந்து இறங்கினார். மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்திய படகில் வந்தார்கள் என்பது மரபு. அவர்கள் அமைத்த மடத்திலிருந்துதான் ஸ்காட்லாந்தின் பெரும்பகுதிக்கும் வட இங்கிலாந்துக்கும் கிறிஸ்தவம் பரவியது. ஓலைச்சுவடிகளை நம் மடங்கள் பார்த்துப் பார்த்துப் படியெடுத்ததைப்போல அவர்கள் கன்றுத்தோலில் வேதத்தைப் படியெடுத்தார்கள். இன்று டப்ளின் நகரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புகழ்பெற்ற கெல்ஸ் சுவடி, 800ஆம் ஆண்டை ஒட்டி இந்தத் தீவில்தான் எழுதத் தொடங்கப்பட்டிருக்கவேண்டும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

அமைதியாக இருந்த தீவுக்கு வடக்கேயிருந்து ஆபத்து வந்தது. 795இல் வைக்கிங் கொள்ளையர் முதன்முறையாகத் தாக்கினார்கள். 802இல் எரித்தார்கள். 806இல் 68 பேரைக் கொன்றார்கள். வைக்கிங்குகள் என்றால் இன்றைய நார்வே, டென்மார்க் பக்கத்துக் கடலோடிகள். இந்த நார்வே என்ற பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் வேறு வேஷத்தில் வரும்.

1200ஆம் ஆண்டை ஒட்டி அதே இடத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்காகக் கல்லால் ஒரு பெரிய மடம் எழுந்தது. ஒரு கோவில். அதை ஒட்டி நான்கு பக்கமும் தூண் வைத்த நடை. அதைச் சுற்றி உணவுக்கூடம், படுக்கைக்கூடம், கூடிப் பேசும் சபைக்கூடம். 1560இல் ஸ்காட்லாந்தில் சமயச் சீர்திருத்தம் வந்தபோது துறவியர் மடங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆளில்லாத வீட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கூரை போனது. மழை உள்ளே வந்தது. 1773இல் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இங்கே வந்தபோது அவர் பார்த்தது இடிபாடுகளைத்தான். மெக்பெத் நாடகம் படித்தவர்களுக்காக ஒரு செய்தி: மெக்பெத், டங்கன் உள்ளிட்ட பழைய அரசர்கள் பலர் இந்த மடத்து இடுகாட்டில்தான் புதைக்கப்பட்டார்கள் என்பது மரபு.

1899இல் நிலத்தின் உரிமையாளரான ஆர்கைல் பிரபு, இடிபாடுகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். எல்லாக் கிறிஸ்தவப் பிரிவினரும் அங்கே வழிபட வழி இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு பிரிவார் இன்னொரு பிரிவாரின் வாசலை மிதிக்கத் தயங்கிய காலத்தில் இது சின்ன விஷயமில்லை. 1902 தொடங்கி 1910க்குள் கோவிலுக்குக் கூரை போட்டுச் செப்பனிட்டார்கள்.

கோவில் சரியாயிற்று. உணவுக்கூடமும் படுக்கைக்கூடமும் தூண் நடையும் அப்படியே குட்டிச்சுவராக நின்றன. கும்பிட இடம் இருந்தது. சேர்ந்து உண்ண, உறங்க, கூடிப் பேச இடம் இல்லை. இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது அயோனாவை விட்டு கிளாஸ்கோ நகரத்துக்கு வாருங்கள்.

கிளைடு ஆற்றங்கரை அந்தக் காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த இடம். 1929இல் அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்ததை நான் பத்தாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன் அலை கிளைடு ஆற்றுக்கும் வந்தது. வணிகம் இல்லை, அதனால் சரக்கு இல்லை, அதனால் கப்பல் வேண்டாம். கிளைடுபேங்க் பட்டறையில் பாதி கட்டிய ஒரு பிரமாண்டமான கப்பலின் வேலை 1931 டிசம்பரில் நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரும்புக்கூடு இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் துருப்பிடித்து நின்றது. 1934 ஏப்ரலில்தான் வேலை மறுபடி தொடங்கியது. அதுதான் பின்னால் 'குயின் மேரி' என்று பெயர் வாங்கிய கப்பல். 1932-33 குளிர்காலத்தில் பிரிட்டன் முழுவதும் வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர்.

கப்பல் முதலாளிகள் சேர்ந்து 1930இல் ஒரு கம்பெனி வைத்தார்கள். பட்டறைகள் அதிகம், வேலை குறைவு. ஆகவே சில பட்டறைகளை விலைக்கு வாங்கி மூடிவிடுவது என்பது திட்டம். ஜாரோ என்ற ஊரின் பட்டறை அப்படி மூடப்பட்டதுதான். 1936இல் அந்த ஊர்த் தொழிலாளர்கள் லண்டனுக்கு நடந்தே போனது வரலாற்றில் பேர் பெற்ற நடைப்பயணம். இந்தக் கம்பெனியின் தலைவர் சர் ஜேம்ஸ் லித்கோ என்ற கப்பல் அதிபர். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

கிளைடு கரையில் கவன் என்பது தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே பழைய சபையின் போதகராக 1930இல் வந்தவர் ஜார்ஜ் மெக்லவுட். 1895இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகப் போதகர்களைத் தந்த வசதியான குடும்பம். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் வின்செஸ்டர் பள்ளி, பிறகு ஆக்ஸ்போர்டு. முதல் உலகப்போரில் அதிகாரியாகச் சண்டையிட்டு, பிரிட்டனின் மிலிட்டரி கிராஸ் பதக்கமும் பிரெஞ்சு நாட்டின் பதக்கமும் பெற்றவர். பின்னாளில் போரே வேண்டாம் என்ற கொள்கைக்கு வந்து, கடைசிவரை அதிலேயே நின்றார். எடின்பரோவில் வசதி படைத்த சபையில் இருந்தவர், வேலையில்லாதவர்கள் நிறைந்த கவனுக்குத் தாமாகவே வந்தார்.

வானொலியில் அவர் பேச்சுக்குப் பெரிய கூட்டம் இருந்தது. ஆனால் தெருமுனையில் கூடி நின்ற ஆட்களுக்கு அந்தப் பேச்சு என்ன செய்தது? வேலை இல்லாதவனிடம் நம்பிக்கையைப் பற்றி வேலை உள்ளவன் பேசினால் எப்படி இருக்கும்! பசி ஒரு பக்கம். நாற்பது வருஷம் உளி பிடித்த கை சும்மா தொங்குவது இன்னொரு பக்கம். அரசு கொடுத்த உதவித்தொகை முதலாவதற்குக் கொஞ்சம் பதில் சொன்னது. இரண்டாவதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மெக்லவுட் முதலில் சிறிய அளவில் ஒன்று செய்து பார்த்தார். கிளாஸ்கோவுக்கு வெளியே ஃபிங்கால்டன் என்ற இடத்தில் பாழடைந்த பழைய மில் ஒன்று இருந்தது. கவன் பகுதியின் வேலையில்லாத ஆட்கள் தன்னார்வமாக அதைச் செப்பனிட்டு, நகரத்து மக்கள் வந்து தங்கி இளைப்பாறும் இடமாக மாற்றினார்கள். வேலை கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனாலும் வேலை நடந்தது. வேலை செய்தவர்களிடையே ஒரு நெருக்கம் வந்தது. எத்தனை பிரசங்கம் செய்தும் வராத நெருக்கம் அது. சேர்ந்து செய்யும் கடினமான ஒரு வேலைதான் தனித்தனி ஆட்களைச் சமூகமாக்கும் என்ற துணிவுக்கு அவர் வந்தார்.

இப்போது அயோனாவின் குட்டிச்சுவர்களை அவர் கண்ணோடு பாருங்கள். கூரை போட்ட கோவில், கூரை இல்லாத வீடு. அவர் காலத்துத் திருச்சபையின் படம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு அழகாக நடக்கிறது. திங்கள் முதல் சனி வரையிலான வாழ்க்கை இடிந்து கிடக்கிறது. இடிந்த பகுதியைக் கட்டவேண்டும். அதை வேலையில்லாத கைகளும், வேலை தெரியாத போதகர்களும் சேர்ந்து கட்டவேண்டும்.

1938இல் கவன் சபையை விட்டு விலகி, கோடைகாலத்தில் ஒரு சிறு குழுவோடு தீவுக்குப் போனார். அயோனா சமூகம் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. தங்குவதற்கு மடத்துக்குப் பக்கத்தில் மரக்கொட்டகை போட்டுக்கொண்டார்கள். இயன் லிண்ட்சே என்ற கட்டடக் கலைஞர் வரைபடங்களைத் தயாரித்தார். கொத்தனார், தச்சர் முதலிய கைத்தொழிலாளருக்குக் கூலி உண்டு. இளம் போதகர்களுக்குக் கூலி கிடையாது. அவர்கள்தான் சித்தாள்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்துப் பட்டம் வாங்கியவர் சாந்து குழைக்கிறார், கல் சுமக்கிறார். தெருவில் நின்ற கொத்தனார் அவருக்கு மேஸ்திரி. சுவர் கோணினால் பட்டதாரிக்குத் திட்டு விழும். தூக்குக்குண்டு யார் பட்டதாரி என்று பார்க்காது. 'நாம் எல்லாரும் சமம்' என்று மேடையில் சொல்வது ஒன்று. சமம் என்பதைத் தோளில் சுமந்து பார்ப்பது வேறு. கோடையில் வேலை, குளிர்காலத்தில் இளம் போதகர்கள் நகரத்து ஏழைப் பகுதிகளில் ஊழியம். இதுதான் திட்டம். தீவில் கற்றதைத் தெருவுக்குக் கொண்டுபோகவேண்டும், தீவிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

பணம்? இங்கேதான் லித்கோ வருகிறார். பட்டறைகளை வாங்கி மூடிய கம்பெனியின் தலைவர். கவனில் இருந்த பெரிய பட்டறையும் 1935இல் அவர் குடும்பத்தின் கைக்கு வந்திருந்தது. மெக்லவுட் அவரிடமே 5,000 பவுண்டு கேட்டார். நான் பணம் கொடுத்தால் உம்முடைய போர் எதிர்ப்புக் கொள்கையை விட்டுவிடுவீரா என்று லித்கோ கேட்டாராம். உயிர் போனாலும் விடமாட்டேன் என்கிற மாதிரி மெக்லவுட் பதில் சொன்னாராம். அப்படியானால் தருகிறேன் என்று லித்கோ பணம் கொடுத்தார். மெக்லவுட்டின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் யாரும் விடாமல் சொல்லும் நிகழ்ச்சி இது.

இந்த இடத்தில் வகுப்பாக இருந்தால் நான் நிறுத்தி உங்களை விவாதிக்க விட்டிருப்பேன். பட்டறையை மூடியவர் பணத்தில், பட்டறை மூடியதால் தெருவுக்கு வந்தவர்களை வைத்துக் கோவில் மடம் கட்டலாமா? வாங்கக் கூடாது என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள் என்று தெரியும். என் கருத்து வேறு. பணம் எங்கிருந்து வந்தது என்பதைப்போலவே, பணத்தோடு என்ன நிபந்தனை வந்தது என்பதும் முக்கியம். மெக்லவுட் கையை நீட்டினார், வாயை விற்கவில்லை. போர் எதிர்ப்பைப் பற்றி அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு பேசினார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 5,000 பவுண்டு மூடிய பட்டறைகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. இதை மறந்துவிட்டுக் கதையை இனிப்பாகச் சொன்னால் அது வரலாறு ஆகாது.

எதிர்ப்பும் இருந்தது. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் நாடு. துறவியர் மடம் என்றாலே அவர்களுக்குக் கத்தோலிக்க வாடை. நாள்தோறும் குறித்த நேரத்தில் கூட்டு வழிபாடு, பழைய மடத்தைக் கட்டுவது, எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பின. தொழிலாளர், கூட்டுவாழ்க்கை, போர் எதிர்ப்பு என்று பேசியதால் இன்னொரு சந்தேகம். 'பாதி வழி ரோமாபுரிக்கு, பாதி வழி மாஸ்கோவுக்கு' என்று கேலி செய்தார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர் நடுவில் ஏதோ உண்மையாகச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்!

1939இல் போர் வந்தது. மரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எல்லாம் போருக்குப் போனது. கூரைக்கு மரம் இல்லாமல் வேலை நிற்கவேண்டிய நேரத்தில், மரம் ஏற்றிவந்த ஒரு கப்பல் புயலில் மாட்டிக்கொண்டு, மேல்தளத்துச் சரக்கைக் கடலில் தள்ளியது. அந்த மரம் மிதந்து வந்து அயோனாவுக்கு எதிரே மல் தீவின் கரையில் ஒதுங்கியது. கூரைக்கு ஆயிற்று. நம்பிக்கை உள்ளவர்கள் அதைக் கடவுள் அனுப்பினார் என்றார்கள். மற்றவர்கள் கடல் நீரோட்டம் என்றார்கள். நான் சரித்திர வாத்தியார். ஒன்று மட்டும் சொல்வேன்: சுவரை முன்கூட்டியே எழுப்பி வைத்திருந்தவனுக்குத்தான் ஒதுங்கிய மரம் உத்தரம். மற்றவனுக்கு அது விறகு.

போருக்குப் பிறகு இன்னொரு மரம் வந்தது. உணவுக்கூடத்தின் கூரைக்காக நார்வேயிலிருந்து நன்கொடையாக மரம் கொடுத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு எந்தக் கடற்கரையிலிருந்து தீ வைக்கப் படகுகள் புறப்பட்டனவோ, அந்தப் பக்கத்திலிருந்து கூரை போட மரம் வந்தது. முன்னோர் செய்ததற்குப் பின்னோர் பொறுப்பா என்று நாம் அடிக்கடி சண்டை போடுகிறோம். நார்வேக்காரர்கள் சண்டை போடாமல் மரத்தை அனுப்பினார்கள்.

தூண் நடையின் நடுவே இன்று ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. கன்னி மரியாளையும் தூய ஆவி இறங்கி வருவதையும் காட்டும் சிற்பம். செய்தவர் ஜாக் லிப்சிட்ஸ் என்ற யூதர், நாஜிகளிடமிருந்து தப்பி பிரான்ஸை விட்டு அமெரிக்கா போனவர். தான் யூதன் என்பதையும், தன் முன்னோரின் நம்பிக்கையில் மாறாமல் இருப்பவன் என்பதையும், மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்ததையும் அதில் பொறித்துவைத்தார்.

வேலை 1965இல் முடிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேலையில்லாத தொழிலாளர்கள் மட்டும் என்ற நிலை மாறி, பல நாடுகளிலிருந்து மாணவர்களும் இளைஞர்களும் கோடையில் வந்து முகாமிட்டு வேலை செய்தார்கள். ஒருகாலத்தில் கேலி செய்த அதே திருச்சபை, 1957இல் மெக்லவுட்டைத் தன் பொதுச்சபையின் தலைவராக ஓராண்டுக்கு அமர்த்தியது. 1989இல் அவருக்கு டெம்பிள்டன் விருது கிடைத்தது. 1991இல், 96 வயதில் மறைந்தார்.

இந்த மனிதரின் நம்பிக்கை என்ன? நான் சைவன். என் புரிதலில் சொல்கிறேன், கிறிஸ்தவ மாணவர்கள் பிழையிருந்தால் திருத்துங்கள். கடவுள் மனிதனாக வந்தபோது நாசரேத்தில் ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்து, தச்சு வேலை செய்தார் என்பதை அவர் நேரடியாக எடுத்துக்கொண்டார். மரத்தையும் சுண்ணாம்பையும் தொட்ட கை தாழ்ந்ததில்லை. கோவிலுக்குள் இருப்பது புனிதம், வெளியே இருப்பது உலகம் என்ற கோடு இல்லை. பெனடிக்ட் சபைத் துறவிகளும் வேலையை வழிபாட்டின் கூறாகவே வைத்திருந்தார்கள். அயோனாவில் இன்றும் காலை வழிபாட்டை எழுந்து நின்றபடியே முடித்து, நேரே அன்றைய வேலைக்குப் போகிறார்கள். வழிபாடு முடிந்து வேலை தொடங்குகிறது என்று இல்லை, வழிபாடே வேலையாகத் தொடர்கிறது என்பது பொருள்.

நமக்கு இது புதிதா? அப்பர் சுவாமிகளின் கையில் என்ன இருக்கிறது? எல்லாச் சிவன் கோவிலிலும் பார்த்திருப்பீர்கள். உழவாரம். புல் செதுக்கும் கருவி. பாடல் பாடிய நாவும் புல் செதுக்கிய கையும் ஒரே ஆளுடையவை. ஓய்வு பெற்றபிறகு நானும் மாதம் ஒருமுறை உழவாரப் பணிக் குழுவோடு போகிறேன். ஒரு பழைய கோவிலில் மண்டபத்தின் மேல் முளைத்த அரசங்கன்றை நான் வெட்டப் போனபோது, கூட வந்த கொத்தனார் தம்பி தடுத்தார். 'சார், மேலே வெட்டினா வேர் உள்ளேயே தடிக்கும். கல்லைப் பிளந்துடும். வேரோட எடுக்கணும், எடுத்த ஓட்டைய சாந்து வெச்சு அடைக்கணும்' என்றார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அன்று நான் மாணவன், அவர் வாத்தியார். அயோனாவில் இளம் போதகர்கள் கற்றது என்னவென்று எனக்கு அன்று புத்தகமில்லாமலே விளங்கியது.

குறைகளையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் அயோனா சமூகம் ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கு முழு உறுப்பினர் இடம் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. இடிந்த மடத்தைக் கட்டும்போது இந்தச் சுவரை இடிக்க அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. இன்னொரு கேள்வி: கிளாஸ்கோவின் இடிந்த வீடுகளை விட்டுவிட்டுத் தீவில் அழகான மடம் ஏன்? இது நியாயமான கேள்வி. கட்டடத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் இல்லை. கட்டியவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பதில் இருக்கிறது. இளம் போதகர்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் புதிய வீட்டுவசதிக் காலனிகளுக்கும் ஊழியத்துக்குப் போனார்கள். கையில் காய்ப்பு ஏறிய போதகர் அங்கே பேசியது வேறு மாதிரி கேட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கல் வேலை முடிந்தபின் பல அமைப்புகள் கலைந்துவிடும். இது கலையவில்லை. உறுப்பினர்கள் இன்று பெரும்பாலும் தீவில் வாழ்வதில்லை, அவரவர் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நாள்தோறும் வேண்டுதல், நீதிக்கும் அமைதிக்கும் உழைத்தல், தங்கள் பணத்தையும் நேரத்தையும் எப்படிச் செலவிட்டோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லுதல் என்ற ஒழுங்கு இருக்கிறது. இந்தக் கணக்குச் சொல்லுதலைப் படித்தபோது எனக்கே வியர்த்தது. நம் உறவுகளில் யாராவது வந்து 'உங்கள் பென்ஷனை எப்படிச் செலவு செய்தீர்கள்' என்று கேட்டால் அடுத்த விசேஷத்துக்கு நாம் அவரை அழைப்போமா! தீவுக்கு விருந்தினராக வருபவர்களும் பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, கூட்டுவது என்று ஏதாவது வேலையில் கைகொடுக்கவேண்டும்.

அவர்கள் அன்று கட்டிய குடியிருப்பும் பழசாகி, அண்மையில் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. கடற்காற்று யாரையும் விடாது. கட்டடம் ஒருமுறை கட்டி முடிப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒருமுறை தோள் கொடுக்கவேண்டும்.

கடைசியாக நம் விஷயம். நம் பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பற்றிக் குழுவில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் 'சார், எவ்வளவு ஆகும் சொல்லுங்க, அனுப்பிடறோம், காண்டிராக்டரிடம் விட்டுடலாம்' என்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். பணம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கைமரம் மாற்றுவதும் ஓடு பிரித்து மேய்வதும் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. அதற்கு முறையாகக் கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும். அயோனாவிலும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் அந்தத் தெரிந்தவர்கள் யார்? உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாதியில் படிப்பை விட்டுப் போனவர்களில் மூன்று பேர் இன்று நம் ஊரில் நல்ல கொத்தனார்கள், ஒருவர் தச்சர். குழுவில் அவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. முன் பெஞ்சில் இருந்தவர்கள்தான் தினமும் எழுதுகிறீர்கள். முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒன்றாக நின்று முப்பது வருஷம் ஆகிறது. வேலையை அந்த நால்வரிடம் ஒப்படைத்து, நீங்கள் விடுமுறையில் வரும்போது ஒரு வாரம் அவர்களுக்குச் சித்தாளாக நில்லுங்கள் என்பது என் யோசனை. ஓடு கழுவலாம், சுண்ணாம்பு சலிக்கலாம், சாரத்துக்கு அடியில் நின்று எடுத்துக் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளும்தான். அயோனா செய்த தவற்றை நாம் செய்யவேண்டாம். மதியச் சாப்பாட்டை எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சமையலை நானும் உங்கள் டீச்சரம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

வர முடிந்தவர்கள் எந்த மாதம், எத்தனை நாள் என்று கீழே எழுதுங்கள். எழுதாமலே இருக்கும் அந்த நால்வரை நானே வீடு தேடிப்போய்க் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்